வீரம்மா கொடுத்த இரண்டாவது புகார்

குனோங் ராபாட்டில் ஓடு தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றின் வாசலில் வீரம்மா ஜாகாவாகக் காவல் வேலை பார்த்தாள். லாரியை நிறுத்துவது, ஓட்டுநர் யார் என்று கேட்பது, தடுப்புக் கம்பியைத் தூக்கிவிடுவது. பகல் முழுவதும் இதுதான். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. சீருடைச் சட்டையின் கைகள் அவளுக்கு எப்போதும் நீளம். முழங்கை வரை மடித்துவிட்டிருப்பாள். சும்மா உட்காரத் தெரியாது. லாரி வராத நேரத்தில் காவல் கொட்டகைக்குப் பின்னால் மண்ணைக் கிளறி மிளகாயும் கத்தரியும் நட்டாள். சீன மேனேஜர் முதலில் முறைத்தார். காய் பிடித்த பிறகு, வீட்டுக்குப் போகும்போது காரை நிறுத்தி ஒரு பிடி மிளகாய் கேட்டு வாங்கிப் போனார்.

அவள் பிறந்தது வெள்ளைக்கல் தோட்டத்தில். ரப்பர் மரங்களை வெட்டிப் பாதி நிலத்தில் செம்பனை வைத்தார்கள். மீதியை விற்றுவிட்டதில் வரிசை வீடுகள் வந்தன. அங்கிருந்தவர்கள் சிலிபினுக்கும் குனோங் ராபாட்டுக்கும் பாரிட் புந்தாருக்குமாகச் சிதறினார்கள். மிஞ்சியது பெரிய ரோட்டு முனையில் ஒரு மழைமரமும் அதனடியில் நின்ற முனியாண்டியும்தான்.

வீரம்மாவின் புருஷன் பத்துமலைமேல்தான் அந்த முனி வரும். சாதாரண நாளில் பத்துமலை யாருடைய முகத்தையும் நிமிர்ந்து பார்க்க மாட்டார். தோட்ட ஆபீஸ் கணக்கரான கிராணி கூப்பிட்டால் தரையைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வார். பூசை நாளில் இடது தோள் முதலில் ஒரு தடவை உதறும். பிறகு அவர் வேறு ஆள். அதே கிராணியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஜனங்களை ஏன் அழவைக்கிறாய் என்று கேட்பார். கிராணி கைகட்டி நிற்பார். தோட்டம் மூடிய பிறகும் ஆண்டுக்கொரு முறை எல்லோரும் அந்த மரத்தடிக்கு வந்து அவரிடம் வாக்குக் கேட்டார்கள். சிறுநீரகம் கெட்டுப்போய் அவர் இறந்த பிறகு முனி யார்மேலும் வரவில்லை.

ஓய்வு நாளில் வீரம்மா மோட்டார் சைக்கிளில் மரத்தடிக்குப் போவாள். சருகைக் கூட்டுவாள், எலுமிச்சை மாலையை மாற்றுவாள், விளக்கேற்றுவாள். பிறகு நின்றபடியே பேசுவாள். மகள் தினேஸ்வரிக்குப் பல் கிளினிக்கில் வேலை கிடைத்தது, கூரை ஒழுகுவது, மேனேஜர் மிளகாய் கேட்டது, எல்லாம் சொல்வாள். சாமியிடம் சொல்கிறாளா, புருஷனிடம் சொல்கிறாளா என்று அவள் யோசித்ததில்லை.

இப்படி இருந்தவளிடம் ஒரு மத்தியானம் போர்க்லிப்ட் ஓட்டும் பிச்சைமுத்து கைப்பேசியை நீட்டினான். “அக்கா, இத பாருங்க லா. ஒங்க வேலையத்தான் சொல்றான்.”

சிலிபினில் ஒரு சாப்பாட்டுக் கடை மாடியில் எடுத்த வீடியோ அது. மைக்கைப் பிடித்திருந்த பையன் பெயர் ரூபன். கைப்பேசிக் கடையில் வேலை. சனிக்கிழமைகளில் தமிழில் நகைச்சுவை பேசுவான்.

“இந்த நாட்டுலயே ரொம்ப நாளா ஜாகா வேல பாக்குறது யாரு தெரியுமா? நம்ம முனியாண்டி. லீவு கெடையாது, இபிஎப் கெடையாது. சம்பளம் ஒரு போத்தல் ஸ்டவுட், ஒரு சுருட்டு. தோட்டத்த வித்துட்டானுங்க. தொர போயிட்டான், கிராணி போயிட்டான், சனங்க எல்லாம் போயாச்சு. இவருக்கு மட்டும் யாரும் சொல்லல. இன்னும் நிக்கிறாரு.”

பிச்சைமுத்து சிரித்தான். வீரம்மாவுக்கும் உதட்டோரம் அசைந்தது. அது வரைக்கும் அது அவளுக்குத் தெரிந்த கதைதான்.

அடுத்து ரூபன் இடுப்பில் துண்டைக் கட்டினான். வாயில் ஒரு சுருட்டைச் செருகினான். இடது தோளை உதறினான். கண்ணை மேலே செருகி, நாக்கைத் துருத்தி, ஆடிக்கொண்டே வந்து, குடிகாரக் குரலில் முன்வரிசையில் இருந்தவர்களிடம் வீட்டுக்குப் போக பஸ் காசு கேட்டான். பிறகு மேடையில் குப்புற விழுந்தான். கூட்டம் விசிலடித்தது.

வீரம்மா கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள். அன்று மாலை வரை வந்த லாரிகளை அவள் சரியாகப் பார்க்கவில்லை. பத்துமலையின் அந்தத் தோள் உதறலை அவள் எத்தனையோ வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தவள். கடைசி நாட்களில் அவர் உடம்பில் ஊசி குத்தாமல் விட்ட ஒரே இடம் அந்தத் தோள்தான்.

வீட்டில் மகளிடம் கேட்டாள். தினேஸ்வரி அதை முன்பே பார்த்திருந்தாள். மொத்தத்தில் நல்ல வீடியோதான், கடைசியில் கொஞ்சம் ஓவராகப் போய்விட்டான் என்றாள். அப்பாவை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள் என்றும் சொன்னாள். வீரம்மா சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் சிவபிரகாசம் கூப்பிட்டார். வடிகால் வேலை எடுத்துச் செய்யும் காண்டிராக்டர் அவர். முனியாண்டி கோயில் குழுவுக்குத் தலைவர். அந்தப் பையன்மேல் எல்லோருமாகப் போலீசில் ரிப்போர்ட் கொடுக்கப்போவதாகவும், பத்துமலையின் மனைவி வராவிட்டால் நன்றாக இருக்காது என்றும் சொன்னார். அவளை வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வேனில் ஏறினாள். போலீஸ் பாலாயில் மற்றவர்கள் சிவபிரகாசம் எழுதித் தந்ததைப் பார்த்துச் சொன்னார்கள். வீரம்மா தன் வாயால் சொன்னாள். என் சாமியைக் குடிகாரன் ஆக்கிவிட்டான், என் புருஷனைக் கேலி செய்துவிட்டான் என்றாள். வெளியே வந்ததும் அவளை முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அந்தப் படம்தான் எல்லோருடைய கைப்பேசிக்கும் போனது.

போலீஸ் ரூபனைப் பிடித்துக்கொண்டு போனபோது அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. கைப்பேசியையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டாள். நல்லது என்று நினைத்தாள். தடுப்புக் காவலை நீட்டியிருக்கிறார்கள் என்ற செய்தி வந்தபோது அதற்கு மேல் எதுவும் நினைக்காமல் இருக்கப் பார்த்தாள்.

பிறகு இன்னொரு வீடியோ வந்தது. அதை அனுப்பியவர் கீழே கைகூப்பும் படம் போட்டிருந்தார். ரூபனின் அம்மா நல்லம்மாள், மகனை விடச் சொல்லிச் சிவபிரகாசத்திடம் போயிருக்கிறார். முதலில் சாமியிடம் மன்னிப்புக் கேளுங்கள் என்று குழுவில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மரத்தடியில், சிமெண்டுத் தரையில், அந்த அம்மாள் மண்டி போட்டிருந்தார். ஒருவர் சொல்லச் சொல்ல அவர் திரும்பச் சொன்னார். என் மகன் செய்தது தப்பு. என் வளர்ப்பு தப்பு. நடுவில் மூச்சு வாங்கியது. சத்தமாகச் சொல்லுங்கள் என்று ஒரு குரல் கேட்டது. பின்னால் முனியாண்டி அரிவாளோடு நின்றார். அவர் கழுத்தில் கிடந்தது வீரம்மா போட்டுவிட்டு வந்த எலுமிச்சை மாலை.

வீரம்மா அதை ஒரு தடவைதான் பார்த்தாள். ஆனால் அது அவளை விடவில்லை. தாளிக்கும்போது கடுகு கருகியது. பேர் கேட்காமலே ஒரு லாரிக்குக் கம்பியைத் தூக்கிவிட்டு மேனேஜரிடம் பேச்சு வாங்கினாள். மிளகாய்ச் செடியில் களை பிடுங்கப் போய்ச் செடியையே பிடுங்கிவிட்டாள். ஓய்வு நாளில் மரத்தடிக்குப் போனவளால் அங்கேயும் நிற்க முடியவில்லை. துடைப்பத்தைச் சாத்திவிட்டு, எதுவும் பேசாமல் திரும்பிவிட்டாள்.

“ம்மா, என்னதான் வேணும் ஒனக்கு?” என்று தினேஸ்வரி கேட்டாள்.

“ரிப்போர்ட்ட திருப்பி வாங்கணும்.”

“அப்ப அவன் செஞ்சது சரின்னு ஆயிருமே.”

“ஆகாது. சரியில்லதான். அதுக்காக அந்தம்மா ஏன் மண்டி போடணும்?”

தினேஸ்வரி கிளினிக்கில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு அம்மாவைப் பாலாய்க்குக் கூட்டிப் போனாள். கௌண்டரில் இருந்த மலாய் இளைஞன் பொறுமையானவன். கொடுத்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போக முடியாது என்று விளக்கினான். வேண்டுமானால் இன்னொன்று கொடுக்கலாம். கொடுக்கிறேன் என்றாள் வீரம்மா. முதலில் சொன்னது பொய்யா என்று கேட்டான். பொய் இல்லை என்றாள். மனம் புண்பட்டது உண்மையா? உண்மை. இப்போது ஆறிவிட்டதா? இல்லை, இன்னும் இருக்கிறது. அப்புறம் எதற்கு மேலே நடவடிக்கை வேண்டாம் என்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, விசைப்பலகையில் விரலை வைத்தபடி காத்திருந்தான்.

மலாயில் அவளுக்கு லாரிக்காரர்களிடம் பேசும் அளவுக்குத்தான் வரும். அதை வைத்துக்கொண்டு சொன்னாள். எனக்கு வலித்தது. அது அவனுக்குத் தெரிய வேண்டும். ஆனால் அவனை அடைக்கச் சொல்லி என் சாமி கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இளைஞன் அதை எப்படி எழுதுவது என்று சற்று நேரம் திரையைப் பார்த்தான். பிறகு, அவள் சொன்னபடியே, அவளுடைய உடைந்த வாக்கியங்களாகவே தட்டினான். இதனால் வழக்கு நிற்கும் என்று நினைக்க வேண்டாம், அது மேலிடத்து முடிவு என்றும் சொல்லி அனுப்பினான்.

செய்தி அவளுக்கு முன்பே சிவபிரகாசத்திடம் போய்ச் சேர்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மரத்தடிக் கொட்டகையில் குழுக் கூட்டம். வீரம்மாவும் போனாள். காசு வாங்கிவிட்டாள் என்று யாரோ முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது. சிவபிரகாசம் கத்துகிற ஆள் இல்லை. நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

“தங்கச்சி, ஒனக்கு ஒண்ணு புரியணும். இந்த எடத்துக்கு நம்மகிட்ட ஒரு பத்திரமும் இல்ல. தோட்டக்காரன் வாய் வார்த்தையா குடுத்தது. இப்ப நெலம் யாரு யாருகிட்டயோ இருக்கு. இத யாரும் ஒடைக்காம இருக்காங்கன்னா எதனால? மரியாதையால. நம்ம பயலே குடிகார சாமின்னு சிரிச்சா, நாளைக்கு புல்டோசர் கொண்டு வாரவன் என்ன சொல்லுவான்? ஒங்காளுங்களே மதிக்கல, நான் ஏன் மதிக்கணும்னு கேப்பான்.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்தப் பயம் அவளுக்கும் உண்டு. ரோட்டை அளக்க யாராவது வந்து நின்றால் அவளும் கூட்டுவதை நிறுத்திவிட்டு, அவர்கள் போகும் வரை பார்த்துக்கொண்டிருப்பாள்.

“நீங்க சொல்றது சரிதாண்ணே,” என்றாள். “ஆனா அந்தம்மாவ இங்க மண்டி போட வச்சீங்களே, அது எந்த மரியாத? அவரு மேல சாமி வந்தப்ப, சனங்கள ஏன் அழ வைக்கிறன்னு கிராணியத்தான் கேட்டுச்சு. இப்ப வந்தா யார கேக்கும்?”

ஒருவர் எழுந்து போய் விளக்கில் எண்ணெய் ஊற்றினார். கடைசியில் சிவபிரகாசம், மண்டி போடச் சொன்னது தான் இல்லை என்றார். தடுக்கவும் இல்லையே என்றாள் வீரம்மா. இனி குழு விஷயத்தில் அவள் தலையிட வேண்டாம் என்று சொல்லி அவர் அடுத்த பேச்சுக்குப் போனார். அவள் கூட்டம் முடியும் வரை ஓரமாக நின்றுவிட்டு வந்தாள்.

ரூபன் ஜாமீனில் வெளியே வந்துவிட்டான் என்று பிச்சைமுத்து சொன்னான். கைப்பேசிக் கடையில் அவனை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். வீரம்மா விசாரித்துக்கொண்டு சிலிபினில் அவர்கள் வீட்டுக்குப் போனாள். நல்லம்மாளைப் பார்ப்பதற்காகத்தான் போனாள். கிரில் கதவைத் திறந்தது ரூபன். கைப்பேசிகளில் சுற்றிய படத்தில் பார்த்த முகத்தை அவன் உடனே அடையாளம் கண்டுகொண்டான். உள்ளே வரச் சொல்லவில்லை. கார் நிறுத்தும் இடத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினான். அவள் உட்காரவில்லை.

“எங்கம்மா மண்டி போட்டத பாத்தீங்களா?” என்று கேட்டான்.

“பாத்தேன். அதான் வந்தேன்.”

“என்னத்துக்கு? நானும் போடணுமா?”

“தம்பி, நான் அதுக்கு வரல. ஒண்ணு கேக்கணும். அந்தத் தோள எங்க பாத்த?”

அவனுக்கு முதலில் புரியவில்லை. அவள் தன் இடது தோளை உதறிக் காட்டினாள். அவன் முகம் மாறியது. சின்ன வயதில் அப்பா அவனை வெள்ளைக்கல் பூசைக்குத் தூக்கிப் போவாராம். அவருடைய பாட்டன் காலத்தில் அந்தத் தோட்டத்தில் இருந்தவர்கள் அவர்கள். ஜாகா வேலைதான் பார்த்தாராம் அப்பாவும். வங்கி வாசலில் நின்றே கால் வீங்கிப்போனவர். பூசைக்குப் போனால், சாமி வந்து ஆடுபவரை அப்பாவின் தோள்மேல் உட்கார்ந்து பார்ப்பானாம் ரூபன்.

“சாமியாட்டம்னா எனக்கு அந்த அண்ணனத்தான் தெரியும். வேற யாரையும் பாத்ததில்ல. மேடையில நின்னப்ப ஒடம்பு தானா அப்படி ஆடிருச்சு,” என்றான். “அவரு ஒங்க வீட்டுக்காரருன்னு எனக்குத் தெரியாது ஆன்ட்டி.”

“அவரு குடிப்பாரா?”

ரூபன் ரோட்டைப் பார்த்தான். “இல்ல. அது சிரிப்புக்குச் சேத்தது.”

“அந்த ஜாகா கத வரைக்கும் எனக்கே சிரிப்பு வந்துச்சு. யாரும் அவருகிட்ட சொல்லல, இன்னும் நிக்கிறாருன்னு சொன்னியே, அது நெசம். அப்புறம் ஏன் அவர விழ வச்ச?”

“எல்லாருக்கும் புடிச்ச மாதிரிதான் பேசணும்னா நான் மைக்க வச்சுட்டு வீட்டுல இருக்கலாம். அந்த எடத்துல சிரிச்சாங்க. அதுக்காக என்னைய உள்ள வச்சாங்க. நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன்.”

“கேக்க வேணாம். எனக்கு வலிச்சத நான் சொல்லுவேன். பாலாய்ல இல்ல. ஒன்கிட்டதான்.”

அவன் கோபம் போகவில்லை. ஆனால் நாற்காலியைத் துடைத்து, உட்காருங்க என்றான்.

அவள் உள்ளே பார்த்து, அக்காவிடம் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றாள். ஜன்னல் திரைக்குப் பின்னால் நல்லம்மாள் நின்றிருந்தது தெரிந்தது. குரல் மட்டும் வந்தது.

“முட்டி இன்னும் வலிக்குது. அது சரியானப்புறம் வாங்க.”

வீரம்மா கைகூப்பிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தாள். திரும்பும் வழியில் சிவப்பு விளக்கில் நிற்காமல் போய் ஒரு கார்க்காரனிடம் ஹாரன் வாங்கினாள்.

வழக்கு நீதிமன்றத்துக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. அவளுடைய இரண்டாவது ரிப்போர்ட்டால்தான் என்று சொல்லவும் முடியாது. போலீஸ் வாங்கி வைத்த ரூபனின் கைப்பேசி பல மாதம் கழித்துத் திரும்பி வந்தது. அதற்குள் அவன் ஜொகூருக்குப் போய்விட்டான். அங்கிருந்து தினமும் சிங்கப்பூருக்குக் கிடங்கு வேலைக்குப் போய்வருவதாகக் கேள்விப்பட்டாள். இங்கே சிலருக்கு அவள் சாமியை விட்டுக்கொடுத்தவள். வேறு சிலருக்கு, அவளும் வேனில் போனவள்தானே, இப்போது என்ன நல்ல பிள்ளை வேஷம் என்ற பேச்சு. தினேஸ்வரியின் கிளினிக்கில் வேலை செய்யும் பெண் ஒருத்தி அதை நேரடியாகவே கேட்டாள். தினேஸ்வரி அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள்.

அந்த ஆண்டுப் பூசைக்கு வீரம்மாவை யாரும் அழைக்கவில்லை. சாமிக்குச் சாத்தும் முதல் துண்டு எப்போதும் பத்துமலை வீட்டிலிருந்துதான் போகும். யாரும் கேட்காவிட்டாலும் ஒரு சிவப்புத் துண்டை வாங்கிக்கொண்டு போய் வரிசையில் நின்றாள். சிவபிரகாசம் அவளைப் பார்த்தார். துண்டை வாங்கிக்கொண்டார். முதலாவதாகச் சாத்தவில்லை, மற்ற துண்டுகளோடு சேர்த்து வைத்தார். அது சாமி தோளில் ஏறியதா, மூட்டையில் போனதா என்று அவளுக்குத் தெரியாது. கூட்டத்தில் நல்லம்மாளைத் தேடினாள். அவர் வரவில்லை.

ரூபன் இப்போதும் வீடியோ போடுகிறான். ஜொகூர்ப் பாலத்து நெரிசல், கிடங்கு முதலாளி, மருமகள் தேடும் அம்மாக்கள் என்று பேசுவான். முனியாண்டி பக்கம் அவன் போகவில்லை. அடங்கிவிட்டான் என்று சிவபிரகாசம் திருப்தியாகச் சொன்னதாகக் கேட்டபோது வீரம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று அவளுக்கே விளங்கவில்லை. அவன் மறுபடி சாமியை வைத்துப் பேசினால் தனக்கு மறுபடி வலிக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

போன மாதம் அவன் கோயில் குழுத் தலைவர்களைப் பற்றி ஒன்று போட்டான். மைக் கிடைத்தால் கீழே வைக்காதவர்கள், சாமிக்கு முன்னால் தங்களுக்கு மாலை போட்டுக்கொள்பவர்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் காவல் கொட்டகையில் உட்கார்ந்து வீரம்மா பார்த்தாள். இரண்டு இடத்தில் வாய்விட்டுச் சிரித்தாள். மூன்றாவது இடத்தில் அவன் பூசாரி ஒருவரின் திக்குவாயைப் பேசிக் காட்டினான். அவள் நிறுத்தினாள். மறுபடி ஓடவிட்டாள். மறுபடி நிறுத்தினாள்.

தமிழில் தட்டுவதற்கு மகள் சொல்லிக் கொடுத்திருந்தாள். ஒரு விரலால், எழுத்து எழுத்தாகத் தேடி எழுதினாள். தம்பி, தலைவர்களைப் பற்றிச் சொன்னது நல்லா இருக்கு. திக்குறவர கேலி பண்ணது சரியில்ல. வீரம்மா, குனோங் ராபாட்.

அனுப்பிய கொஞ்ச நேரத்திலேயே முன்பின் தெரியாதவர்கள் கீழே எழுத ஆரம்பித்தார்கள். பாட்டிக்கு என்ன தெரியும் என்றது ஒன்று. இந்த அம்மாதான் போலீசில் சொன்னது, பழைய படத்தைப் பார் என்றது இன்னொன்று. சாமியைக் கேலி செய்தவனுக்கு இவள் பாராட்டு வேறு எழுதுகிறாள் என்று மற்றொருவர். ரூபனிடமிருந்து எதுவும் வரவில்லை. அவன் அதைப் பார்த்துவிட்டதாக மட்டும் காட்டியது.

வாசலில் லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. வீரம்மா கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். ஓட்டுநரின் பெயரைக் கேட்டாள், கம்பியைத் தூக்கினாள். லாரியின் பின்சக்கரம் உள்ளே போவதற்குள் மறுபடி கைப்பேசியை வெளியே எடுத்து, முதலில் யாருக்குப் பதில் எழுதுவது என்று பார்க்க ஆரம்பித்தாள்.